‘மற்றும் பலர்’ ஆகிப்போன உன் அத்தை

கதிரவா,

‘அன்புள்ள’ என்று எழுதி, அதை அடித்துவிட்டுத்தான் உன் பெயரை எழுதியிருக்கிறேன். அன்பு இல்லாமல் போகவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியது இன்னும் என் காதுக்குள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது போகும்வரை நல்ல வார்த்தை எதுவும் பேனாவில் இறங்காது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டாவது நிமிஷத்தில் ‘அப்பா, மீட்டிங்’ என்பாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. இன்னொன்று, இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. உன் கல்யாணத்துக்கு வரப்போகிற எல்லாரும் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். அதனால் உனக்குத் தெரிந்ததையும் தெரியாதவனுக்குச் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரியா பார். “அப்பா, தவமணி அத்தை கல்யாணத்துக்கு வர வேணாம்ப்பா. வந்தே ஆகணும்னா ரிசப்ஷன்ல வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். மேடைக்கு வேணாம். பொண்ணு வீட்ல அந்த வீடியோவப் பாத்துட்டாக. ஒங்களுக்குச் சொந்தமான்னு கேட்டாக. இல்லைன்னு சொல்லிட்டேன்.” அவ்வளவுதான். அதற்குமேல் மண்டபத்துப் பூ அலங்காரத்தைப் பற்றிப் பேசினாய். எனக்கு எதுவும் கேட்கவில்லை. வாயில் போட்ட சோற்றை மெல்லும்போது நாக்கில் முடி சிக்கினால் ஒரு குமட்டல் வருமே, அதுதான் வந்தது. பெற்ற மகன்மேல் அப்படி ஒரு அருவருப்பு வரும் என்று நான் நினைத்ததில்லை. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, ‘இல்லை’ என்று நீ சொன்ன அந்தத் தொனி உன்னுடையது இல்லை, என்னுடையது என்று. அந்தக் குமட்டல் உன்மேல் கொஞ்சம்தான், என்மேல்தான் மிச்சம் என்று தெரிந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊருக்கு ஒரு வியாதி உண்டு. டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் எண்ணிப் பார்க்கிறதுதான் வேலை. தேனியிலிருந்து சினிமாவுக்குப் போனவர் யார் யார், போடிக்காரர் யார், கம்பத்துக்காரர் யார், வடுகபட்டிப் பக்கம் யார் என்று. அதில் வெட்கமே இல்லாத ஒரு தாராளம் இருக்கும். ஒரு நடிகனின் தாத்தா எப்போதோ சின்னமனூரில் பெண் எடுத்திருந்தால் போதும், அவன் நம்ம ஊர்க்காரன். பஸ்ஸில் போகும்போது வீரபாண்டி கோயிலைப் பார்த்துக் கும்பிட்டதாகப் பேட்டியில் சொல்லிவிட்டால் போதும், அவனும் நம்ம ஊர்க்காரன். ஊரைக் கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த கேள்வி வரும், “நம்ம ஆளுகளா?” என்று. சாதியைக் கேட்கிறான். ஆம் என்றால் மறுநாள் நாற்சந்தியில் ஆள் உயரத்துக்கு மும்மடங்கு பேனர் எழும். அந்தப் பேனர்களைக் கட்டுகிற கயிறும் ஆணியும் முக்கால்வாசி என் கடையில்தான் வாங்கினார்கள். கடைவீதியில் பெயிண்ட்டும் ஆணியும் விற்றுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். ஷூட்டிங்குக்கு செட் போட வருகிறவர்களும் நம் கடைக்குத்தான் வருவார்கள். ‘எங்க ஊரு நடிகருக எத்தனை பேரு தெரியுமா’ என்று அவர்களிடம் நானே பெருமை பேசியிருக்கிறேன். அப்படிப் பேசிய எந்த நாளிலும் தவமணி பெயரை நான் சொன்னதில்லை. என் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி.

அவள் சினிமாவுக்குப் போனது எப்படி என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. போடி மலையடிவாரத்தில் ஒரு படப்பிடிப்பு. சாவு வீட்டுக் காட்சி, சுற்றி உட்கார்ந்து அழ உள்ளூர்ப் பெண்கள் வேண்டும் என்று கேட்டார்கள். தெருவே கிளம்பிப் போயிற்று, தவமணியும் போனாள். எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதார்கள். இவள் மட்டும் பிணமாகப் படுத்திருந்த நடிகரைப் பார்த்து அழுதாள். படுத்திருந்தவரே கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாராம். டைரக்டர் கேமராவை இவள் பக்கம் திருப்பச் சொன்னார். அன்றைக்கு வெளிச்சத்தைத் திருப்பிப் பிடித்த லைட்மேனைத்தான் அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டு சென்னைக்குப் போனாள். எங்கள் அப்பா அவளைத் தலைமுழுகினேன் என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் வேண்டும் கதிரவா, அது எனக்குப் பிறவியிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு படங்களில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பக்கத்தில் அவள் இருந்தாள். கதாநாயகனின் அம்மாவுக்கு அக்கா, பக்கத்து வீட்டு அம்மா, வேலைக்காரம்மா. தாலியறுக்கும் காட்சியில் கையைப் பிடித்துக்கொள்கிறவள். படம் தொடங்கும்போது பெயர் ஓடுமே, அதில் எல்லாரும் முடிந்த பிறகு ‘மற்றும் பலர்’ என்று ஒரு வரி வரும். அவள் பெயர் அந்த வரிக்குள் இருந்தது. தியேட்டரில் நான் பார்த்திருக்கிறேன். அவள் அழும்போது சுற்றிலும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். பக்கத்தில் இருப்பவனிடம் ‘அது எந்தங்கச்சி’ என்று சொல்ல வாய் வரும், விழுங்கிவிடுவேன்.

என் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குள் எங்கள் அப்பா கொஞ்சம் இறங்கி வந்திருந்தார், அவளுக்குக் கடிதம் போடச் சொன்னார். அவள் விடியும்போது வந்து இறங்கினாள். பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் தங்கச்சி போட வேண்டும், அதற்காகத்தான் வந்திருந்தாள். உன் தாத்தா, உன் அம்மாவின் அப்பா, என்னைத் தனியே கூப்பிட்டு, “மாப்ள, சினிமாக்காரி கை எம் மக கழுத்துல பட வேணாம்” என்றார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்காது, எனக்குத் தெரியும். பந்தல் கட்டியாயிற்று, சமையலும் ஆயிற்று, நிறுத்துவதற்கு அவருக்கு மட்டும் தைரியம் ஏது? நான் போய்த் தவமணியிடம், “நீ பின்னால உக்காரு தாயி. முடிச்ச பெரியப்பா மக போடட்டும்” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். “சரிண்ணே” என்றாள். பிறகு பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் மாலையும் கழுத்துமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கும் ஊற்றினாள். அந்தத் தண்ணீரைக் குடித்தேன். அன்றைக்கு அது நன்றாகத்தான் இறங்கியது.

இத்தனைக்கும் பிறகு, உனக்குச் சென்னையில் என்ஜினியரிங் இடம் கிடைத்தபோது, ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று யார் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்? அதே தவமணி வீட்டில். லைட்மேன் மாமா இறந்து அவள் தனியாக இருந்தாள், பிள்ளை இல்லை. நாலு வருஷம் உனக்குத் துவைத்துப் போட்டு, டிபன் கட்டிக் கொடுத்து, பரீட்சைக்கு முன்னால் காய்ச்சல் வந்தபோது ஷூட்டிங்கை விட்டுவிட்டு உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இங்கே ஊரில் கேட்டவர்களிடம், “தெரிஞ்சவுக வீட்ல தங்கியிருக்கான்” என்று சொன்னேன். நீ அங்கே உன் சிநேகிதர்களிடம் அவளை ‘ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி’ என்று சொல்லி வைத்திருந்தாய். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? அவளே சொன்னாள். பிறகு வருகிறேன் அதற்கு.

உனக்கு முன்னால் அந்த வீட்டில் இன்னொருவனும் சாப்பிட்டான். முருகேசன். இன்றைக்கு வேறு பெயரில் கதாநாயகன், நம் பள்ளத்தாக்கின் சிங்கம் என்று பேனரில் போடுகிறார்களே, அவன்தான். சான்ஸ் தேடி அலைந்தபோது ‘அக்கா, நானும் தேனிப் பக்கந்தான்’ என்று வந்து நின்றானாம். இரண்டு வருஷம் தினமும் மத்தியானம் அவள் வீட்டில்தான் சோறு. அவனை ஒரு படக் கம்பெனிக்குக் கூட்டிப் போய், ‘எந்தம்பி, நல்லா நடிப்பான்’ என்று நிறுத்தியதும் அவள்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மாமா உயிரோடு இருந்தபோது எனக்குச் சொன்னார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முழங்கால் போய்விட்டது, தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியவில்லை, சாவு வீட்டுக் காட்சியில் நாற்காலியில் உட்கார்ந்து அழ முடியாதே என்று சிரித்துக்கொண்டே சென்னையை விட்டு வந்தாள். தேனிக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. வீரபாண்டியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு லைன் வீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது விழாவுக்கு வருகிறேன். கடைவீதியில் நாங்கள் சிலர் சேர்ந்து நம் மண்ணின் நடிகர்களுக்குப் பாராட்டு விழா எடுத்தோம். கதாநாயகன் முருகேசனின் தேதி கிடைத்ததால் வந்த யோசனை அது. வரும் கூட்டத்தால் கடைகளுக்குப் பெயர் கிடைக்கும், அவ்வளவுதான் கலைச்சேவை. பேனரில் போடப் பெயர்ப் பட்டியல் எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள், என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். எழுதினேன். ஒரே ஒரு படத்தில் போலீஸ்காரனாகக் கதவைத் திறந்துவிட்டவன் பெயரைக்கூட எழுதினேன், அவன் மச்சான் அரிசி மண்டி வைத்திருக்கிறான். எழுதி முடித்ததும் விழாத் தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, நம்ம ஊர்ப் பொம்பளைக யாரும் நடிக்கப் போகலையா?” என்று கேட்டார். ஒரு நொடிதான். “இல்லைங்க” என்றேன். அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. ‘மற்றும் பலர்’ என்று என் கையாலேயே எழுதி நிரப்பினேன்.

யாரும் அழைக்காமலே அவள் வந்தாள். வீரபாண்டி பஸ் நிறுத்தத்தில் பேனரைப் பார்த்தாளாம், முருகேசன் வருகிறானே, பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கிளம்பி வந்துவிட்டாள். கடைசி வரிசைக்கு முன் வரிசையில் உட்கார்ந்தாள். கவுன்சிலர் வீட்டு ஆட்களுக்கு இடம் வேண்டும் என்று எழுப்பி, இன்னும் பின்னால் தள்ளினார்கள். நான் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் மாலைத் தட்டோடு இருந்தேன். அவளைப் பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவன் வந்தான். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். நடைபாதையில் வரும்போது இவள் எழுந்து நின்று, “முருகேசா, சாப்டியாப்பா?” என்றாள். அந்தப் பெயரில் அவனை யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். திடுக்கிட்டுத் திரும்பினான். சுற்றிலும் போன்கள் உயர்ந்திருந்தன. உடனே குனிந்து அவள் காலைத் தொட்டான், கைதட்டல் பறந்தது. மாலையோடு எதிர்கொள்ள நான் பின்னால் வரை போயிருந்தேன், அதனால் அவன் நிமிரும்போது அவள் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. “அக்கா, பழசையெல்லாம் மைக்ல பேசிறாதீக. பேட்டியில நான் வேற மாதிரி சொல்லி வச்சிருக்கேன்.” முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. அவன் கழுத்தில்தான் நான் மாலையைப் போட்டேன்.

மேடையில் அவன் பேசியதை நீ வீடியோவில் பார்த்திருப்பாய். சென்னையில் தனக்கு ஒரு கை சோறு போட நாதி இல்லை என்றான். குழாய்த் தண்ணீரைக் குடித்துப் படுத்தேன் என்றான். அந்த வைராக்கியம் இந்த மண் கொடுத்தது என்றான். என் பக்கத்திலிருந்த ஜவுளிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தவமணி மற்றவர்களைப்போலவே மெதுவாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மைக் பிடித்திருந்தவன் எப்படியோ அவளை அடையாளம் கண்டுபிடித்துவிட்டான். “நம்ம படங்கள்ல ஒப்பாரி வச்சு ஒப்பாரி வச்சே நம்மள அழ வச்ச அம்மா இங்கன வந்திருக்காக! மேடைக்கு வாங்க ஆத்தா!” என்றான். கூட்டத்தில் ஒருவன், “ஏலே, அந்த அழுமூஞ்சி அம்மாடா!” என்று கத்தினான், சிரிப்பு. அவள் வேண்டாம் என்று கையாட்டினாள், இரண்டு பேர் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்கள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. சால்வை இல்லை, நாற்காலி இல்லை. மைக்கைக் கையில் கொடுத்து, “ஒரே ஒரு தடவ அழுதுகாட்டுங்க ஆத்தா!” என்றான். கூட்டம் முழுக்க, “அழு! அழு!” என்று தாளம் போட்டது. எல்லாம் நம் ஊர்க்காரர்கள். காலையில் என் கடையில் வந்து மரியாதையாகப் பேசுகிறவர்கள்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். முருகேசனைப் பார்த்தாள், அவன் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அப்புறம் என்னைப் பார்த்தாள். மைக்கில் அமைதியாகச் சொன்னாள். “அழுகுறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா அங்கன ஷூட்டிங்ல ஒருத்தரு சொல்லணும், அப்பத்தான் அழுவேன். இந்தா, முன்னால மாலைத் தட்டோட உக்காந்திருக்காகளே, அவுக சொல்லட்டும்.” அண்ணன் என்று சொல்லவில்லை கதிரவா. எனக்கு அதையும் மிச்சம் வைத்தாள். வாயைத் திறந்து ‘அது எந்தங்கச்சி, இறங்கி வா தாயி’ என்று சொல்வதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு நின்றாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. விழாத் தலைவர் என் தோளைத் தட்டி, “சொல்லுங்க, சொல்லுங்க” என்றார். நான் சிரித்தேன். “சும்மா ஒரு தடவ செய்யுங்கம்மா” என்றேன். கூடப் பிறந்தவளை ‘அம்மா’ என்று, ‘ங்க’ போட்டு, யாரோ ஒரு பொம்பளையைப்போல.

மடங்காத முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். முதலில் சத்தமே இல்லை. எதிரில் யாரோ கிடத்தப்பட்டிருப்பதுபோல ஒரு முகத்தைத் தடவினாள், முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எத்தனையோ படத்தில் அவள் அழுது கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஒரு குழந்தை பயந்து அழ ஆரம்பித்தது. அப்புறம் ஒரு விசில், தொடர்ந்து பத்து விசில், “ஒன்ஸ்மோர்!” முருகேசன் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு கேமரா எங்கே என்று பார்த்தான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த வீடியோவை நிறுத்திப் பார், இடது ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பல்லைக் காட்டித் தட்டுகிற கிழவன் நான்தான். அவளைப் பார்த்து உனக்குக் கூச்சமாக இருந்ததா, அந்தக் கிழவனைப் பார்த்தா? அவனைப் பார்த்துக் கூசியிருக்க வேண்டும்.

அவளாகக் கையை ஊன்றி எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி என்னைக் கடந்து போகும்போது, யாருக்கும் கேட்காமல், “போதுமாண்ணே?” என்றாள். வெளியே போய் பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு, “நீங்க என்ன மனுசன்” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு நாலு நாள் பேசவில்லை. அதற்குள் வீடியோ ஊர் ஊராகப் போய்விட்டது. அழுகைக்குப் பாட்டுச் சேர்த்து, சிரிப்புச் சேர்த்து, கோயம்புத்தூரில் உன் மாமனார் வீடு வரைக்கும். பிறகு உன் போன் வந்தது.

நீ பேசிய மறுநாள் காலையில் நான் முதலில் விழாத் தலைவர் கடைக்குப் போனேன். “நீங்க அழச் சொன்ன அந்தம்மா என் கூடப் பிறந்த தங்கச்சி” என்றேன். அவர் அதிர்ந்துபோவார், வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “அட, மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு சால்வை போட்டிருப்போம்ல!” என்றார். சொந்தக்காரி என்றால் சால்வை, இல்லையென்றால் அழ வேண்டியதுதான். அதில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்து இறங்கும்போது, இத்தனை வருஷமாக யாருக்குப் பயந்து நான் அவளை மறைத்தேன் என்று யோசித்தேன். இவருக்கா? இந்த ஆட்களுக்கா? எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. எங்கே துப்புவது என்றுதான் தெரியவில்லை.

நேராக வீரபாண்டிக்கு பஸ் ஏறினேன். அவள் வாசல்படியில் நின்றுகொண்டு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. நான் வெயிலில் நின்றே பேசினேன். மன்னிச்சிரு தாயி என்று தொடங்கினேன்.

“அத விடுண்ணே. அன்னைக்கு அழுதது ஒனக்காகன்னு நெனச்சியா?”

“இல்ல…”

“எந்தப் பொணமோ கெடக்கும், கூலி வாங்கிக்கிட்டு அழுவேன். அன்னைக்குத்தான் கூலி இல்லாம அழுதேன். யாருக்குன்னு கேக்காத.”

முறத்தில் கல் பொறுக்கினாள். நான் கல்யாணப் பேச்சை எடுத்தேன். நீ சொன்னதை நான் சொல்லவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைப் படிப்பதுதானே அவள் தொழில்.

“மருமகன் வேணாம்னுட்டானா?”

நான் வேட்டியை அவிழ்த்து மடித்துக் கட்டினேன்.

“நல்லா நடக்கட்டும்ணே. நான் வரல. இங்கனருந்தே கும்பிட்டுக்கிறேன்.”

“அவனே வந்து கூப்பிட்டா வருவியா தவம்?”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “வந்து என்னன்னு கூப்பிடுவான்? ஹவுஸ் ஓனர் ஆன்ட்டின்னா?” என்றாள். “காலேஜ் பயலுக வீட்டுக்கு வந்தப்ப அப்படித்தாண்ணே சொன்னான். நான் காபி போட்டுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு அவனுகளுக்கு பஜ்ஜியும் போட்டுக் குடுத்தேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு படக்கதை சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு தண்ணீர் வருகிற நேரம் என்று குடத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். முருகேசனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவனைத் திட்டிக்கொண்டே நாம் இரண்டு பேரும் தப்பித்திருப்போம். அவனை எனக்குப் பிடிக்கவில்லை, அவன் சிரிப்பு எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அவன் சாப்பிட்ட தட்டில்தான் நீயும் சாப்பிட்டாய், நான் அந்தத் தட்டைக் காட்டிக்கூடப் பேச யோக்கியதை இல்லாதவன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே உன் மாமனாருக்கு போன் செய்தேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். “நீங்க பாத்த வீடியோவுல அழுகுறது என் தங்கச்சி. உங்க மாப்பிள்ளைக்குச் சொந்த அத்தை. நாலு வருஷம் சோறு போட்டு வளர்த்தவ. அழச் சொன்ன குரல் என்னோடது. உங்ககிட்ட மறைச்சது எங்க தப்பு” என்றேன். போனைப் பொத்திக்கொண்டு வீட்டில் யாரிடமோ பேசினார். பிறகு, “யோசிச்சுச் சொல்றோமுங்க” என்று வைத்துவிட்டார். எதை யோசிக்கிறார், அவளைப் பற்றியா, பொய் சொன்ன உன்னைப் பற்றியா, எனக்குத் தெரியவில்லை. நான்கு நாளாயிற்று, இன்னும் பதில் இல்லை. உன் கல்யாணத்தில் கை வைத்துவிட்டேன் என்று நீ கொதிப்பாய். கொதி. முப்பது வருஷத்துக்கு மேலாக நான் ஒரு நாளும் கொதிக்காமல் இருந்து என்ன ஆனேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும். உன் மாமனார் சரி என்று சொன்னாலும், வேண்டாம் என்று சொன்னாலும், பத்திரிகை அடிக்கிறதற்கு முன்னால் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை உனக்குப் பதிலாக நான் செய்ய முடியாது, அம்மாவும் செய்ய முடியாது. பெங்களூரிலிருந்து தேனிக்கு வா. வீட்டுக்கு வராதே, என் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கம்பம் பஸ்ஸில் ஏறி வீரபாண்டியில் இறங்கு. பாலத்தைத் தாண்டி லைன் வீட்டில் நாலாவது கதவு. உச்சிவெயிலில் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள், தட்டு. முழங்கால் வலியோடு எழுந்து வர நேரமாகும், அதுவரை நில். கதவைத் திறப்பதற்கு முன்னால் உள்ளேயிருந்து “யாரு?” என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று பஸ்ஸிலேயே யோசித்துக்கொண்டு போ.

அப்பா